பதினோராம் கட்டிலின் சம்மதம்

பழங்குடி மக்கள் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்கள் என்று திரையில் எழுத்து வந்து நின்றது, பக்கத்தில் ஒரு கண்ணின் படம் வேறு, அஞ்சலாட்சி அந்தக் கண்ணை நேருக்கு நேர் முறைத்தாள், எவ்வளவு நேரம் முறைத்தாள் என்றால் கடைசியில் அந்தக் கண்தான் தாக்குப்பிடிக்க முடியாமல் இடத்தைக் காலி செய்துவிட்டு அடுத்த படத்துக்கு வழிவிட்டது. ஒன்று, கண்ணைப் பார்க்கமாட்டார்கள். இரண்டு, ஊசிக்குப் பயப்படுவார்கள். ஊசிக்குப் பயப்படாத ஜனம் எந்த ஊரில் இருக்கிறது என்று இந்த அம்மாள் சொன்னால் நாளைக்கே அங்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போகலாம், போன வாரம் ஒரு தாசில்தார் நாய்க்கடி ஊசிக்கு நாற்காலியோடு சேர்ந்து சுவர்வரைக்கும் பின்வாங்கினார், சுவர் மட்டும் இல்லையென்றால் அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்திருப்பார். மூன்று, மூடநம்பிக்கை. நான்கு, கூச்சம். ஐந்து, காலம் பற்றிய உணர்வு குறைவு. ஐந்தாவதைச் சொன்ன மிருதுளா மேடம் சென்னையிலிருந்து வந்து, இரண்டு மணிக்குத் தொடங்க வேண்டிய பயிற்சியை இரண்டே முக்காலுக்குத் தொடங்கியவர், அதுவரைக்கும் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் நாற்பது நர்சுகள், காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்க ஆரம்பித்த கால்களோடு, இரண்டாம் மாடிக் கூடத்தில் உட்கார்ந்து ஏசி சொட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் மேடம் ஒரு பாசிமாலை போட்டிருந்தார், ஏதோ மலைஜாதி கண்காட்சியில் வாங்கியதாம், மலையையே கோத்துப் போட்டதுபோல அத்தனை கனம், குனிந்து மடிக்கணினியைத் தட்டும்போதெல்லாம் மாலை முதலில் போய்த் தட்டியது, படம் தானாக இரண்டு தள்ளிப் போனது. பயிற்சியின் பெயர் பண்பாட்டுத் தகுதிறன். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் அதை ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருப்பானா, தலைமை நர்ஸ் எஸ்தரம்மா வரவேற்புரையில் மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் வேறு வேறு வார்த்தை சொன்னார், கடைசியில் அந்தத் திறன் என்று முடித்துக்கொண்டார். அந்தத் திறன். அது தன்னிடம் இருக்கிறதாம். அதற்காகத்தான் முதல் வரிசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். டீக்கு முன்னால் மேடையில் ஏறிச் சொல்ல வேண்டுமாம், பதினோராம் கட்டில் எப்படிச் சம்மதித்தாள் என்று.

பழங்குடி என்ற வார்த்தை மேடத்தின் வாயிலிருந்து வரும்போதெல்லாம் முப்பத்தொன்பது தலைகள் இவள் பக்கம் திரும்பி, மாட்டிக்கொண்டது தெரிந்ததும் ஏசியைப் பார்ப்பதுபோலப் பார்த்தன. பாருங்கள், நன்றாகப் பாருங்கள், கண்காட்சிக்குக் கட்டணம் கிடையாது. இருளர் குடும்பத்திலிருந்து நர்ஸ் ஆனவள் இந்த மருத்துவமனையில் இவள் ஒருத்திதான், வேலையில் சேர்ந்த அன்றைக்கு அதைக் கேள்விப்பட்ட தில்லைநாயகி, இப்போது பக்கத்து நாற்காலியில் கைப்பையை அணைத்துக்கொண்டு தூங்குகிறாளே அவளேதான், அப்போ பாம்பு வந்தா இனிமே பயமில்லடி என்றாள். பாம்பும் அதைக் கேட்டுக்கொண்டிருந்ததுபோல மூன்றாம் மாதமே வந்தது. துணி அறையில், போர்வைக் கட்டுக்கு அடியில், அரைஞாண் கயிறு பருமனில் ஒரு முழம். மொத்த வார்டும் அஞ்சலாட்சியைக் கூப்பிட்டது. அஞ்சலாட்சி அதற்குள் பிரசவ மேசைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள், அதன்மேல் ஏற்கெனவே படுத்திருந்த கர்ப்பிணியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு. அவள் அப்பா செங்கல் சூளையில் கல் அறுத்தவர், அவருக்கும் பாம்புக்கும் இருந்த ஒரே சம்பந்தம், ஒருநாள் அடுக்கிலிருந்து ஒன்று தோளில் விழ அவர் ஓட்டம் எடுத்து அடுத்த தாலுகாவில் போய்த்தான் நின்றார், நின்ற இடத்தில் இருந்த சூளையிலேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டார். ஆனால் கதை யாரைக் கேட்டு வளர்கிறது? பெருக்குகிற பச்சைமுத்து துடைப்பத்தால் தள்ளி வெளியேற்றிய அந்த ஒரு முழம் மதியச் சாப்பாட்டுக்குள் ஆறடி ஆயிற்று, சாயந்திரம் படம் எடுத்தது, மறுநாள் கண் மருத்துவப் பிரிவில் அஞ்சலாட்சி அதன் காதில் ஏதோ சொன்னாள், அது தலையாட்டிவிட்டுப் போயிற்று என்றார்கள், பாம்புக்குக் காது இருக்கிறதா என்று எம்.பி.பி.எஸ். படித்தவர்கள்கூடக் கேட்கவில்லை. இப்போதும் பாம்புக்கடி வந்தால் அவசரப் பிரிவிலிருந்து போன் வரும், சிஸ்டர், ஒரு பார்வை பார்த்துட்டுப் போங்களேன். அவளும் போவாள், போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள், விஷமுறிவு மருந்து அதன் வேலையைச் செய்யும், பெயர் இவளுக்கு வரும். முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம் பழகியது, அப்புறம், இதை யாரிடமும் சொல்லமாட்டாள், கொஞ்சம் பிடித்தும் போயிற்று. தெரியாத ஒன்றைத் தெரிந்தவளாக நிற்பதில் ஒரு சொகுசு இருக்கிறது. அந்தச் சொகுசில்தான் மிருதுளா மேடமும் நிற்கிறார், இவள் என்ன பெரிய இவள்.

ஆனால் பாம்பு வேறு, பதினோராம் கட்டில் வேறு. பாம்பு விஷயத்தில் தனக்கு ஒன்றும் தெரியாது, பதினோராம் கட்டில் விஷயத்தில் எல்லாம் தெரியும், அதில்தான் தன் பக்கம் பலமாக இருப்பதாக அஞ்சலாட்சி நினைத்திருந்தாள், காலையிலிருந்து. கட்டிலில் இருப்பவள் பெயர் பச்சையம்மா, சூளையிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தார்கள், எட்டு மாதத்தில் பிரசவம், பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோகூட இல்லை, அதைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கட்டடத்துப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தாய்க்கு ரத்த அழுத்தம் இறங்கவில்லை. மூன்று நாளாகியும் இறங்கவில்லை. இன்னும் ஒரு வாரம் கட்டாயம் இருக்கணும், கட்டிலை விட்டு எறங்கிப் போனா பஸ் ஸ்டாண்டுக்குப் போறதுக்குள்ள ஜன்னி வந்துடும், அப்புறம் நான் பொறுப்பில்லை என்றார் டாக்டர், சொல்லிவிட்டு அஞ்சலாட்சியைப் பார்த்து, உங்க ஆளுதானே, நீ பேசு என்றார். உங்க ஆளு. மூன்று நாளாக அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன் என்பதைத் தவிர வாயைத் திறக்கவில்லை. தில்லைநாயகி பேசிப் பார்த்தாள், எஸ்தரம்மா பைபிள் வசனத்தோடு பேசிப் பார்த்தார், ஒரு பயிற்சி மருத்துவர் வரைபடம் போட்டுக் காட்டினார். இன்று காலை எட்டு மணிக்கு அஞ்சலாட்சி போய்க் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எண்ணி ஐந்து நிமிடம், குழந்தை நல்லா இருக்கு, நீ ஒரு வாரம் இங்கதான் இருக்கணும், புரியுதா என்றாள். சரிங்க என்றாள் பச்சையம்மா. மாத்திரை போடணும். சரிங்க. பால் கறந்து குடுக்கணும், புள்ளைக்குப் பாலாடையில ஊத்தறாங்க. சரிங்க. வார்டே வாயைப் பிளந்தது. அதுமட்டுமா, அந்தப் பெண் தலையை வாரிக் கட்டியிருந்தாள், விரிப்பை மூலைக்கு மூலை மடித்து வைத்திருந்தாள், கட்டில் பக்கத்து அலமாரிமேல் இருந்த எவர்சில்வர் டம்ளரைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அஞ்சலாட்சிக்கு மார்பு விரிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தக் கட்டிலைத் தாண்டிப் போகிற நர்சிங் மாணவிகளைக் கூப்பிட்டு, பாருங்கடி, இந்த வார்டுலயே யார் டம்ளர் இப்படி மின்னுது என்றாள், பச்சையம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பச்சையம்மாவும் சிரித்தாள், முதல் தடவையாக. அஞ்சலாட்சி கேஸ் ஷீட்டில் எழுதினாள், ஆலோசனை வழங்கப்பட்டது, நோயாளி சம்மதித்தார். சம்மதித்தார் என்று எழுதும்போது பேனா ஒரு இடத்தில் நின்றது. மை தீர்ந்துவிட்டது என்று உதறினாள். மை இருந்தது. அப்போதே ஏதோ ஒன்று காலில் முள்ளாகக் குத்தியது, குனிந்து பார்க்க நேரமில்லை, பன்னிரண்டாம் கட்டிலுக்கு வலி எடுத்துவிட்டது.

நம்பிக்கை என்று இப்போது திரை சொன்னது, இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டன, இரண்டுமே வெள்ளைக்காரக் கைகள். நம் பணியாளர்களே அந்தச் சமூகத்திலிருந்து வரும்போது, என்று மேடம் பாசியை ஒரு கையால் அடக்கிக்கொண்டு சொன்னார், நோயாளி அவர்களை உடனே அடையாளம் கண்டுகொள்கிறார், மொழி தெரியும், மனசு தெரியும், ஒரு பாலம் உருவாகிறது. பாலமாம். அஞ்சலாட்சி மனசுக்குள் காறித் துப்பினாள். பாலத்தின்மேல் எல்லாரும் மிதித்துக்கொண்டு போகலாம், அது ஒன்றுதான் சரியாகச் சொன்னாய். மொழி தெரியும் என்றாயே, எந்த மொழியில் பேசினேன் காலையில், யோசித்துப் பார்த்தாள், புரியுதா என்ற வார்த்தை எங்கேயிருந்து வந்தது, அந்தப் புரியுதாவில் கடைசியில் ஒரு தூக்கல் இருந்ததே, அது யாருடைய தூக்கல். நர்சிங் விடுதியில் முதல் வருஷம் இவள் இன்னா என்று சொன்னதற்கு அறை முழுக்கச் சிரித்தது, ஆறு மாதத்தில் இன்னாவை விழுங்கினாள், அப்புறம் கம்முனுவை, அப்புறம் போவணுமை, மூன்றாம் வருஷம் ஊருக்குப் போனபோது அம்மா கதவைத் திறந்து, வாங்க, யார் வேணும் என்று கேட்டதாகத் தம்பி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறான், அவன் சொல்வதில் பாதிக்குப் பாதி பொய், ஆனால் மீதிப் பாதி? புரியுதா. அது மேஸ்திரியின் தூக்கல். சூளையில் மேஸ்திரி ராஜமாணிக்கம் அப்படித்தான் கேட்பான், ஒரு காலைக் கல் அடுக்கின்மேல் வைத்துக்கொண்டு, நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு கல் வேணும், புரியுதா. இவளும் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாளே, கால் எங்கே இருந்தது? கட்டிலின் கீழ்ச் சட்டத்தின்மேல் இருந்தது. இருந்ததா? இருந்தது. ச்சே. வெள்ளை உடுப்புப் போட்ட ராஜமாணிக்கம், கழுத்தில் அடையாள அட்டை மாட்டின ராஜமாணிக்கம், அவனுக்காவது மீசை இருந்தது. அவன் கேட்டால் ஜனம் என்ன சொல்லும்? சரிங்க என்று சொல்லும். கைகட்டி, தலைகுனிந்து, சரிங்க. மேஸ்திரியிடம் மாட்டேன் என்று சொன்ன ஆளை அஞ்சலாட்சி பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பிடிக்காத சூளையில் யாரும் சண்டை போடவில்லை, முறையிடவில்லை, சொன்னதற்கெல்லாம் சரி சொன்னார்கள், சந்தை நாள் மத்தியானம் மேஸ்திரி சந்தைக்குப் போனதும் ஜோடி ஜோடியாகக் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தார்கள். அம்மாவும் அப்படித்தான், இவளுக்கு ஒன்பது வயது, சட்டியைத் தூக்க வேண்டாம் என்றாள், துணி மூட்டை மட்டும் போதும், ஆனால் போவதற்கு முன்னால் குடிசைக்குள் உட்கார்ந்து இருந்த நாலு பாத்திரத்தையும் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், அப்பா வாசலில் நின்று பல்லைக் கடிக்கிறார், நேரமாவுது, அவள் அசையவில்லை, தேய்த்துக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள், வாயத் தெறந்த பாத்திரத்த விட்டுட்டுப் போனா அந்த எடம் நம்மளத் திரும்பக் கூப்புடும் என்றாள், கவுத்து வச்சிட்டா முடிஞ்சுது.

முடிஞ்சுது. ஏசியிலிருந்து ஒரு சொட்டு பிளாஸ்டிக் வாளியில் விழுந்தது. காலையில் பார்த்த டம்ளர் கண்முன் மின்னியது. இல்லை, இது ஆஸ்பத்திரி டம்ளர், கழுவினால் கவிழ்த்துத்தானே வைப்பார்கள், நீகூட வீட்டில் அப்படித்தான் வைக்கிறாய், தில்லைநாயகிகூட அப்படித்தான் வைப்பாள், அவள் எங்கே கழுவுகிறாள், எல்லாவற்றுக்கும் அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தால் நீயும் மிருதுளா மேடம்தான், ஒரு பாசிமாலை வாங்கிப் போட்டுக்கொள். ஆனால் அவள் கவிழ்த்தது தண்ணீர் குடிக்கிற டம்ளரை, மூன்று நாளாகக் குடித்துவிட்டு அப்படியே வைத்த டம்ளரை, இன்றைக்கு விரிப்பை மடித்து, தலையை வாரி, மூன்று தடவை சரிங்க சொல்லி, அதைப் பார்த்து உனக்குப் பெருமை வேறு, எங்க ஆளுங்க எவ்வளவு சுத்தம் என்று நாலு சிறுக்கிகளுக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது, அதில் கண் மறைந்துவிட்டது. இந்தக் கட்டடத்தில் இருக்கிற எண்ணூறு பேரில் எண்ணூறு பேரும் அந்த டம்ளரைப் பார்த்தால் டம்ளர் என்றுதான் சொல்வார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. ஒரே ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருத்தி கூட்டம் கூட்டிக் காட்டினாள். சுவர்க் கடிகாரம் மூன்று ஐம்பது. நான்கு மணிக்குப் பார்வையாளர் கேட் திறக்கும், ஊரே உள்ளே பாயும், அந்த நெரிசலில் பிரசவ வார்டிலிருந்து ஒரு ஆள் என்ன, ஒரு யானை வெளியே நடந்துபோனாலும் வாட்ச்மேன் ஜெயபால் பீடியை மாற்றிப் பற்றவைத்துக்கொண்டிருப்பான். சந்தை நாள் மத்தியானம். பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் ஜன்னி. இப்போது நம் அஞ்சலாட்சி சிஸ்டர் என்று மைக் சொல்லிற்று. கைதட்டல். தில்லைநாயகி தூக்கத்திலேயே கைதட்டினாள். மேடையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், சும்மா பேசவேண்டாம், நடித்தே காட்டிவிடலாம் என்றார் மேடம், நீங்க அந்தப் பழங்குடிப் பெண்ணா உட்காருங்க, நான் நர்ஸா வர்றேன், அவங்க எப்படிப் பயந்தாங்க, எப்படிச் சமாதானம் ஆனாங்கன்னு அப்படியே காட்டணும். அஞ்சலாட்சி மேடை ஏறினாள், ஏன் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது, கூப்பிட்டால் ஏறுவதற்குப் பழகின கால். நாற்காலியில் உட்கார்ந்தாள். மேடம் குனிந்து, பாசி முன்னால் வந்து இவள் முகவாயில் மோத, வேண்டியதற்கு மேல் இனிமையாக, நீங்க இன்னும் ஒரு வாரம் இருக்கணும்மா, இருப்பீங்கதானே என்றார். சரிங்க என்றாள் அஞ்சலாட்சி. பார்த்தீங்களா என்று மேடம் கூடத்தின் பக்கம் திரும்பிக் கையை விரித்தார். அவர் மறுபடி திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது.

இரண்டு மாடிப் படிகளை அவள் இறங்கினாள் என்று சொல்வது சரியில்லை, படிகள்தான் மேலே போயின. வார்டில் பதினோராம் கட்டில் வழித்துத் துடைத்ததுபோல இருந்தது, மாத்திரைகள் காகிதத்தில் மடித்துத் தலையணைக்கு அடியில், மூன்று நாள் மாத்திரையும், ஒன்றுகூட விழுங்கவில்லை. எங்கே என்று பணியில் இருந்த பெண்ணைக் கேட்டாள், பாத்ரூம் போயிருப்பா சிஸ்டர், நீங்கதான் சம்மதம் வாங்கிட்டீங்களே. கேட் திறந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடைகள், இளநீர், பாட்டிமார்கள், அத்தனை பேரும் உள்ளே வர, எதிர்த்து நீந்துகிற ஒரே ஆளாக அஞ்சலாட்சி, யார்யார் காலையோ மிதித்து, ஒரு கூடையைத் தட்டிவிட்டு, வெளியே வந்தால் கேட்டுக்குப் பத்தடி தள்ளி, சைக்கிள் ஸ்டாண்டு சுவரோரம் அவர்கள். பச்சையம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள், முகம் வீங்கி, ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, வெளிச்சம் கூசுகிறது, தலை வலிக்கிறது, அதாவது ஜன்னி நெருங்கிவிட்டது. பக்கத்தில் அவள் புருஷன் கோதண்டன், ஒரு மஞ்சள் பையோடு, எலும்பும் தோலும். மூன்று நாளாக அவன் அந்தச் சுவரோரம்தான் இருந்திருக்கிறான், பிரசவ வார்டுக்குள் ஆம்பளை போகக்கூடாது, கூட ஒரு பொம்பளையை வைத்துக்கொள் என்று ஜெயபால் சொல்லியிருக்கிறான், இவர்களுக்கு வேறு பொம்பளை கிடையாது, சூளையில் ஜோடியாகத்தான் வேலை, ஜோடியாகத்தான் எல்லாம். கூட ஆள் இல்லாத நோயாளிக்கு வெந்நீர் வாங்கிவர ஆள் இல்லை, எதிர்க் கட்டடத்துக்குச் சக்கர நாற்காலி தள்ள ஆள் இல்லை. ஆள் இல்லை என்று கேஸ் ஷீட்டிலேயே எழுதியிருந்தது, யார் கையெழுத்தில் என்று நினைத்துப் பார்த்தவளுக்கு அது தன் கையெழுத்து என்பதும் ஞாபகம் வந்தது. அஞ்சலாட்சி மூச்சு வாங்கிக்கொண்டு அவள் எதிரே குந்தி உட்கார்ந்தாள், வெள்ளை உடுப்பு மண்ணில் புரள, விடுதியில் விழுங்கிய பேச்சு இப்போது வெளியே வந்தது.

“எங்க போற நீ?”

“ஊட்டுக்கு.”

“புள்ள?”

பச்சையம்மா கையைக் கண்ணிலிருந்து எடுத்தாள். கண்ணைப் பார்த்தாள், நேராக.

“செத்த புள்ளைக்கு எதுக்கு ஒரு வாரம்?”

செத்துப்போச்சுன்னு யார் சொன்னது என்று அஞ்சலாட்சி கேட்டாள். யாரும் சொல்லல என்றாள் பச்சையம்மா, அதான். நல்லா இருக்கு நல்லா இருக்குன்றீங்க, ஒருத்தராவது காட்னீங்களா. வந்து வந்து பால் மட்டும் வாங்கிக்கினு போறீங்க, அது எவ புள்ளைக்குப் போவுதோ, போவட்டும், அதுவும் ஒரு புள்ளைதான, நான் இன்னா சொன்னேன். இதைக் கோபமாகச் சொல்லவில்லை, சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயைத் திருப்பிப் போடுகிற மாதிரி சொன்னாள். அஞ்சலாட்சிக்கு வாயில் வந்ததெல்லாம் திரையில் பார்த்த வாக்கியங்களாகவே வந்தன, ஒவ்வொன்றாக விழுங்கினாள். டம்ளர் கவுத்து வச்சதப் பாத்தும் எனக்குத் தோணலியே என்றாள், சமாதானமாகவா மன்னிப்பாகவா என்று அவளுக்கே தெரியவில்லை. பச்சையம்மா கோதண்டனைத் திரும்பிப் பார்த்தாள், கோதண்டன் இவளைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான், ஏதோ நம்பமுடியாத ஒன்றை அஞ்சலாட்சி சொல்லிவிட்டதுபோல.

“தோணலியா?” என்றாள் பச்சையம்மா. “நீ பாத்துட்டு சிரிச்சியே.”

“சிரிச்சேன்.”

“நம்ம ஆளு, தெரிஞ்சிக்கினு போவட்டும்னு உட்டுடுச்சின்னு நெனச்சேன். அதுக்குத்தான நானும் சிரிச்சேன்.” தலையை மெதுவாக ஆட்டினாள். “உனக்கு நெஜமாவே தெரியலியா?”

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். ஆறடிப் பாம்பு அப்படி வந்ததுதான். “தெரியல” என்றாள் அஞ்சலாட்சி. அவள் எழுந்துபோய் வராந்தாவிலிருந்து ஒரு சக்கர நாற்காலியை, யாருடையதோ, இழுத்துக்கொண்டு வந்தாள், பச்சையம்மாவைத் தூக்கி உட்காரவைத்தாள், கைப்பிடியைக் கோதண்டன் கையில் கொடுத்தாள். ஆம்பளை உள்ள போகக்கூடாது சிஸ்டர் என்று ஜெயபால் வழிமறித்தான், எஸ்தரம்மா உத்தரவு, மெமோ குடுப்பாங்க. எழுதிக்கோ, அனுமதித்தது அஞ்சலாட்சி, நேரமும் போட்டுக்கோ என்றாள். அவன் எழுதினானோ இல்லையோ, நாற்காலி போய்விட்டது. பச்சிளங்குழந்தைப் பிரிவின் வாசலில் கண்ணாடிக்கு அப்பால் மூன்றாவது பெட்டியைக் காட்டினாள், உள்ளே ஒன்று, கை அகலம், தொப்பி போட்டுக்கொண்டு, உலகத்தில் உள்ள எல்லாரையும் திட்டுவதுபோல முகத்தைச் சுளித்துக் காலை உதைத்தது. பச்சையம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். அழவில்லை. மணிக்கட்டில் கட்டிய சீட்டைப் பார்க்கச் சொன்னதற்கு, சீட்டு என்னத்துக்கு, மூக்கப் பாரு என்றாள், இவன் ஆயா மூக்கு, அந்த மூக்கு வேற எவளுக்கு வரும். கோதண்டன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அஞ்சலாட்சி டாக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். பச்சையம்மா வாங்கி, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக விழுங்கினாள். மாடியில் பயிற்சி முடிந்து நர்சுகள் கையில் சான்றிதழோடு இறங்கி வரும் சத்தம் கேட்டது, எஸ்தரம்மா குரலும் இருந்தது, அஞ்சலாட்சி எங்கே, அஞ்சலாட்சி எங்கே. பச்சையம்மா அதைக் கேட்டாள், இவள் அசையாததையும் பார்த்தாள். கோதண்டன் பக்கம் சாய்ந்து, இவளுக்குக் கேட்கட்டும் என்றே குரலைக் குறைக்காமல் சொன்னாள்.

“ஒரு வாரம் இருக்கலாம்யா. பாவம், இதுக்கு ஒண்ணும் தெரியல. சொல்லிக் குடுத்துட்டுத்தான் போவணும்.”